கணினிக்குள் படம் எப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோ, ஸ்கிரீன்ஷாட், அனிமேஷன், செயற்கை நுண்ணறிவு வரைந்த ஓவியம் என்று நாள் முழுக்கப் படங்களோடுதான் புழங்குகிறோம். அவை உள்ளே எப்படி இருக்கின்றன என்று யாராவது கேட்டால், 'பிக்சல்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பட மென்பொருளோடு மாரடிப்பவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாக இருக்கும். அவசரமென்றால் வேண்டியதை மட்டும் பாருங்கள்.

கணினிக்குள் படம் என்பது என்ன?

எண்கள். வேறொன்றும் இல்லை.

'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டே கோடு, வளைவு சுழி எதுவும் கிடையாது. ஐந்துக்கு ஐந்து கட்டத்தாளில் மை பட்ட கட்டத்துக்கு 1, படாத கட்டத்துக்கு 0 என்று எழுதினால் இப்படி வரும்:

1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 1 1 1 1

இந்த 25 எண்கள்தான் படம். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். மேலே உள்ள நான்கு வரிசைகளிலும் கடைசி 0-வை 1 ஆக்கிப் பாருங்கள், 'ப' வந்துவிடும். நமக்கு எழுத்தே மாறிவிட்டது. கணினிக்கு நான்கு எண்கள் மாறின, அவ்வளவுதான்.

உண்மையில் நினைவகத்தில் கட்டம்கூடக் கிடையாது. எல்லா எண்களும் ஒரே நீள வரிசையாக நிற்கும்: 1000010000100001000011111. 'அகலம் 5' என்ற குறிப்பு தனியாக இருக்கும். அந்த 5-ஐ 6 என்று மாற்றிவிட்டு மறுபடி அடுக்கினால், எண்களில் ஒன்றும் மாறாமலேயே 'ட' சாய்ந்து சரிந்துவிடும். காகிதத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். சில படங்கள் திறக்கும்போது சாய்வாக இழுத்துவிட்ட மாதிரி தெரிகின்றனவே, பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிசகுதான்.

இப்படிச் செய்யலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

1957-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ், தன் கைக்குழந்தையின் போட்டோவை ஒரு உருளையில் சுற்றி, ஒளியால் வருடி, கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176 பிக்சல். இன்றைய செயலிகளின் ஐகான்களே பல நேரம் இதைவிடப் பெரியவை. அந்தக் கருவிக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டைத் தவிர வேறு தெரியாது. அதனால் வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பலமுறை வருடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சாம்பல் நிறத்தை வரவழைத்தார்கள். பிக்சலைச் சதுரமாக வைத்தது சரியான முடிவல்ல என்று பிற்காலத்தில் கிர்ஷே வருத்தப்பட்டார். அதற்குள் உலகமே சதுரத்துக்குப் பழகிவிட்டது.

சரி, வண்ணம் எப்படி வருகிறது?

ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216. 'ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணங்கள்' என்று விளம்பரத்தில் வருவது இந்தப் பெருக்கல்தான்.

ஏன் மூன்று? நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை என்பதால். திரையில் மஞ்சள் ஒளி என்று ஒன்று கிடையவே கிடையாது. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன, மூளை அதை மஞ்சள் என்று வாசித்துக்கொள்கிறது. சந்தேகமென்றால் போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஊசிமுனை அளவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு பூதக்கண்ணாடியாக வேலை செய்யும். வெள்ளைக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலப் பொடிகள் தெரியும்.

255 முழு வெளிச்சம் என்றால் 128 பாதி வெளிச்சமா?

இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பாதி வெளிச்சம் வேண்டுமானால் 188 போட வேண்டும்.

இருட்டில் சின்ன வித்தியாசத்தையும் நம் கண் பிடித்துவிடும். வெளிச்சத்தில் அவ்வளவு நுணுக்கம் போதாது. அதனால் இருக்கும் 256 படிகளில் அதிகப் படிகளை இருட்டுப் பக்கத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். இதற்குக் காமா என்று பெயர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இதை மறந்துவிட்டு எண்களை நேரடியாகக் கூட்டிச் சராசரி எடுக்கும் மென்பொருள்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தை மங்கலாக்கினால் நடுவில் அழுக்குப் பழுப்பாக ஒரு பட்டை விழுந்தால், காரணம் இந்த மறதிதான்.

12 மெகாபிக்சல் போட்டோ ஏன் 3, 4 எம்பிதான் இருக்கிறது?

கணக்குப் போட்டால் இடிக்கத்தான் செய்யும். 4000-க்கு 3000 என்றால் 1.2 கோடி பிக்சல். பிக்சலுக்கு மூன்று பைட். மொத்தம் 3.6 கோடி பைட், அதாவது 36 எம்பி. கோப்போ 4 எம்பி. மீதி 32 எம்பி எங்கே போயிற்று?

போட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) என்ற முறை தூக்கி எறிந்துவிட்டது. அது எதை எறிந்தது என்பதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வெட்டு நிறத்தில். வெளிச்ச வேறுபாட்டைக் கண் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. எனவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று மாற்றி எழுதுகிறார்கள். வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்து நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைக்கிறார்கள். முன்பு நான்கு பிக்சலுக்கு 12 எண்கள். இப்போது வெளிச்சம் 4, நிறம் 2, ஆக 6. உட்கார்ந்த இடத்தில் பாதி குறைந்துவிட்டது, பார்ப்பவர் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். ஒரு சதுரத்தில் 64 எண்கள். அவற்றை வேறு 64 எண்களாக மாற்றுகிறது ஒரு கணிதம். முதல் எண் அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்து வருபவை மெதுவான ஏற்ற இறக்கங்களை. கடைசி எண்கள் மிக நுண்ணிய கோடுகளையும் சொரசொரப்பையும். பாட்டில் தாழ்ந்த சுரங்களையும் உச்ச சுரங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தின் ஒரு துண்டாக இருந்தால் முதல் சில எண்களைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட 0.

இந்தக் கணிதத்தை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது. 1972-இல் இதை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு எழுதினார், கிடைக்கவில்லை. கைவிடாமல் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் தரம் இதன்மேல்தான் நிற்கிறது. வீடியோச் சுருக்க முறைகள் பலவும் இதன் வாரிசுகளே.

இந்தச் சதுரக் கணிதத்தில் இதுவரை எதுவும் தொலையவில்லை. 64 எண்களை வேறு 64 எண்களாக எழுதியிருக்கிறோம், அவ்வளவே. தொலைப்பது அடுத்த படியில். ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணைப்படி வகுத்து, மீதியை விட்டுவிடுகிறார்கள். ஜேபெக் தரத்தோடு வந்த மாதிரி அட்டவணையில் சராசரிக்கு வகுக்கும் எண் 16, மிக நுண்ணிய விவரத்துக்கு 99. நுண் விவர எண் 40 என்று இருந்தால் 99-ஆல் வகுத்து முழு எண்ணாக்கும்போது 0 ஆகிவிடும். இப்படிச் சதுரத்துக்குச் சதுரம் வரிசையாக 0 விழும். 'இங்கிருந்து கடைசி வரை 0' என்று எழுதச் சின்னக் குறியீடு ஒன்று போதும். போட்டோவைச் சேமிக்கும்போது வரும் 'தரம்' என்ற நகர்த்தி செய்யும் வேலை, இந்த அட்டவணையின் எண்களைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தான்.

ஜேபெக்கில் எழுத்துகளைச் சுற்றி ஏன் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு?

மேலே சொன்னதின் விளைவு. வெள்ளைத் தாளில் கறுப்பு 'ட' என்றால் விளிம்பு திடீரென்று மாறுகிறது. திடீர் மாற்றத்தைச் சொல்ல நுண் விவர எண்கள் அத்தனையும் தேவை. அவற்றைத்தான் வெட்டிவிட்டோமே. மிச்சமிருக்கும் அலைகள் விளிம்பைத் தாண்டி, அந்த எட்டுக்கு எட்டுச் சதுரம் முழுக்கத் ததும்பி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் அழுக்கு சரியாகச் சதுரத்தின் எல்லையில் நின்றுவிடுவது தெரியும். ஸ்கிரீன்ஷாட், வரைபடம், அறிவிப்புப் பலகை மாதிரி எழுத்து நிறைந்த படங்களை ஜேபெக்கில் சேமிக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

திறந்து திறந்து பார்த்தால் ஜேபெக் தேயுமா?

தேயாது. எத்தனை முறை திறந்தாலும், நகலெடுத்தாலும் ஒரு பைட் மாறாது. ஆனால் திருத்திவிட்டு மறுபடி சேமித்தால் மேற்சொன்ன வகுத்தல் மறுபடி நடக்கும். மெசேஜ் செயலிகள் வழியாக ஐந்தாறு கை மாறி வந்த படம் கலங்கிப்போயிருப்பதற்கும் இதுதான் காரணம். பல செயலிகள் போகிற வழியில் சுருக்கி, மறுபடி சேமித்து அனுப்புகின்றன.

என் அனுபவம் இதைவிட மோசம். பழைய குடும்பப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து, யாருக்கோ அனுப்புவதற்காக 600 பிக்சலுக்குச் சுருக்கினேன். கை பழக்கத்தில் 'சேமி' அழுத்திவிட்டேன், 'வேறு பெயரில் சேமி' அல்ல. காகிதப் படம் அதற்குள் வேறு யாரிடமோ போய்விட்டது. அன்றிலிருந்து அசலைத் தனிக் கோப்புறையில் பூட்டிவிட்டுத்தான் திருத்த உட்காருவேன்.

பிஎன்ஜி, ஜிஃப், வெப்பி, ஹெய்க்... எதை எப்போது?

இவையும் ஜேபெக் போலப் படக் கோப்பு வகைகள்தான். போட்டோவுக்கு ஜேபெக். எழுத்து, லோகோ, ஒளி ஊடுருவும் பின்னணி வேண்டியவற்றுக்குப் பிஎன்ஜி. இது எதையும் தொலைக்காது, ஒரே மாதிரி வருவதைச் சுருக்கி எழுதும், அவ்வளவே. நம் 'ட'-வின் முதல் வரிசையை எழுதிவிட்டு 'இதேபோல் இன்னும் மூன்று' என்று சொல்வதற்குச் சமம். வெப்பி 2010-இல் கூகுள் கொண்டுவந்தது, ஹெய்க் 2017-இல் ஐபோன்களுக்கு வந்தது. இரண்டும் ஜேபெக்கைவிடச் சிறிதாகச் சுருக்கும், ஆனால் பழைய மென்பொருள்கள் திறக்க மறுக்கும்.

ஜிஃப் 1987-இல் வந்தது. ஒரு படத்தில் 256 நிறங்கள்தான் என்பதால் போட்டோவுக்கு லாயக்கில்லை. அதன் சுருக்க முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம் 1994 கடைசியில் கட்டணம் கேட்க ஆரம்பித்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி. காப்புரிமை காலாவதியாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆட்டம் போடும் குட்டிப் படங்களின் புண்ணியத்தில் ஜிஃப்பும் சாகவில்லை.

கேமரா நிறத்தை எப்படிப் பிடிக்கிறது?

பிடிப்பதில்லை, பாதிக்கு மேல் ஊகிக்கிறது. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் உணரியில் (சென்சார்) உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தை அளக்க மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த அடுக்கு இது. பச்சைக்கு மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்ததற்குக் காரணம், நம் கண் வெளிச்சத்தை அளப்பது பெரும்பாலும் பச்சைப் பகுதியை வைத்துத்தான்.

ஆக 12 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் நிஜமாக அளந்தது. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டைக் கேட்டு நிரப்பியவை. உங்கள் போட்டோவில் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் இப்படி வந்தவை என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டையில் இல்லாத வானவில் அலைகள் தெரிகின்றனவே, அது ஊகம் தவறிய இடம்.

போனில் நேராக இருந்த படம் கணினியில் படுத்துக்கொண்டு திறக்கிறதே?

உணரி எப்போதும் ஒரே திசையில்தான் எழுதும். போனை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பதை 'எக்ஸிஃப்' என்ற குறிப்புப் பகுதியில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணாக எழுதி வைத்துவிடும். அதைப் படிக்கும் மென்பொருள் திருப்பிக் காட்டும், படிக்காதது அப்படியே காட்டும். அதே பகுதியில் தேதி, கேமரா பெயர், அனுமதி கொடுத்திருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட இருக்கும். பொதுவில் போடும் முன் அதை நீக்கிவிடுவது நல்லது.

படத்தை மங்கலாக்குவது, கூர்மையாக்குவது எல்லாம் எப்படி நடக்கிறது?

பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு விளிம்பைக் கடக்கும் ஆறு பிக்சல்களின் வெளிச்சம் இது:

10 10 10 200 200 200

ஒவ்வொரு எண்ணையும், இடது வலது பக்கத்து எண்களோடு கூட்டிச் சராசரி எடுங்கள்:

10 10 73 137 200 200

செங்குத்தான சுவர் சரிவுப் பாதையாகிவிட்டது. மங்கல் என்றால் இவ்வளவுதான். படம் இரு பரிமாணம் என்பதால் நிஜத்தில் சுற்றியுள்ள எட்டுப் பேரையும் சேர்ப்பார்கள்.

கூர்மையாக்க இதையே திருப்பிப் போட வேண்டும். அசலுக்கும் மங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அசலோடு கூட்டுங்கள். மூன்றாவது பிக்சலில் 10-இலிருந்து 73-ஐக் கழித்தால் −63. அதை 10-உடன் கூட்டினால் −53, வெளிச்சம் 0-க்குக் கீழே போகாது என்பதால் 0. நான்காவதில் 200 + 63 = 263, அது 255-இல் முட்டி நிற்கும்:

10 10 0 255 200 200

விளிம்பின் இருட்டுப் பக்கம் இன்னும் இருண்டது, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுத்தது. கண்ணுக்குக் 'கூர்மை' என்று படுவது இந்த மிகைப்படுத்தல். புதிதாக எந்த விவரமும் வரவில்லை. அளவு மீறினால் ஆட்களைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் விழுந்து சாமி படம் மாதிரி ஆகிவிடும்.

படத்தில் இருப்பது பூனையா நாயா என்று சொல்லும் மென்பொருளின் அடித்தளத்திலும் பெரும்பாலும் இதே வேலைதான் நடக்கிறது. என்ன வித்தியாசமென்றால், எந்தப் பக்கத்து எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை மனிதர் எழுதாமல், லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்கிறது.

எண்களை மொசைக் போட்டு மறைத்தால் போதுமா?

போதாது. கட்டம் கட்டமாகக் கலக்கிக் காட்டும் மொசைக் என்பது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருந்த பிக்சல்களின் சராசரிதான். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களுக்கும் அதே மொசைக்கைப் போட்டு, எது உங்கள் படத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அடையாள எண், கடவுச்சொல் போன்றவற்றின் மேல் முழுக் கறுப்புப் பெட்டி வையுங்கள். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்பைத் தேய்க்காதீர்கள். அது பாதி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது எட்டிப் பார்க்கும்.

சினிமாவில் வருவது போல, மங்கிய வண்டி எண்ணைப் பெரிதாக்கிப் படிக்க முடியாதா?

10, 200 என்ற இரு பிக்சல்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமானால், 10-ஐயோ 200-ஐயோ நகலெடுக்கலாம், அல்லது 105 போடலாம். நகலெடுத்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும், 105 போட்டால் வழவழவென்று தெரியும். அங்கே நிஜத்தில் என்ன இருந்தது என்பது இரண்டுக்குமே தெரியாது.

இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுப் பெரிதாக்கிகள் அசத்தலாகச் செய்கின்றன. ஆனால் அவை செய்வது 'இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும்' என்ற ஊகம். முகத்தில் இமை முடி வரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வண்டி எண்ணில் 3-க்குப் பதில் 8 வரைந்தால் மாட்டிக்கொள்வது வேறு யாரோ. சாட்சியமாக இதை யாராவது நீட்டினால் நான் நம்பமாட்டேன். ஒரே காட்சியின் பல வீடியோ ஃபிரேம்களைச் சேர்த்துக் கணக்கிடுவது வேறு. அங்கே நிஜமாகவே கூடுதல் தகவல் இருக்கிறது.

எழுத்துகள் மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையவில்லையே?

ஏனென்றால் அவை பிக்சலாகச் சேமிக்கப்படவில்லை. எழுத்துருக் கோப்பில் 'ட' என்பது சில புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். 'ஞ' போன்ற வளைந்து நெளிந்த எழுத்துக்கு வளைகோட்டுச் சூத்திரங்கள். திரையில் காட்டும் கணத்தில்தான் அந்தந்த அளவுக்குப் பிக்சலாக மாற்றுகிறார்கள். இந்த வளைகோடுகள் பிரெஞ்சுக் கார் தொழிற்சாலைகளில் பிறந்தவை. ரெனோவில் பியர் பெசியேவும், அவருக்கு முன்பே சித்ரோவெனில் போல் டி காஸ்தெல்ஜோவும் காரின் உடல் வளைவுகளைக் கணக்கில் எழுத உருவாக்கினார்கள். சித்ரோவென் அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது.

அப்படியானால் ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எழுத்தை ஏன் நகலெடுக்க முடியவில்லை?

ஆவணத்தில் 'ட' என்பது, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடில் 2975 என்ற ஒற்றை எண். ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியில் அந்த எண் போய்விட்டது. மிச்சம் கறுப்பு வெள்ளைப் பிக்சல்கள். அதிலிருந்து மறுபடி 2975-ஐக் கண்டுபிடிக்கத்தான், படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (OCR) வேண்டும். 'ட', 'ப' இரண்டுக்கும் சில பிக்சல்தான் வித்தியாசம் என்று பார்த்தோம். ஸ்கேன் சற்று மங்கினால் அது ஏன் தடுமாறுகிறது என்று இப்போது புரியும்.

சாய்வுக் கோடு ஏன் படிக்கட்டு மாதிரி வருகிறது?

சதுரங்களால் சாய்வை வரைந்தால் படிக்கட்டுதான் வரும். எந்தெந்தச் சதுரத்தை நிரப்புவது என்று வகுத்தல் இல்லாமல், கூட்டல் கழித்தலாலேயே கண்டுபிடிக்கும் வழியை 1962-இல் ஐபிஎம்மில் ஜாக் பிரெசன்ஹாம் எழுதினார். படிக்கட்டை மறைக்க, கோடு ஒரு பிக்சலை எவ்வளவு மூடுகிறதோ அந்த அளவுக்குச் சாம்பல் பூசுவார்கள். திரையில் எந்த எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் சாம்பல் கட்டங்கள் இருக்கும்.

விளையாட்டுகளில் வரும் முப்பரிமாண உலகம் எப்படி உருவாகிறது?

எல்லாம் முக்கோணம். முகம், மலை, தண்ணீர், தலைமுடி எதுவானாலும் கடைசியில் பெரும்பாலும் முக்கோணங்களாகத்தான் உடைக்கப்படும். ஒவ்வொரு மூலைக்கும் இடம் வலம், மேல் கீழ், தூரம் என்று மூன்று எண்கள். திரையில் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க முதல் இரண்டையும் தூரத்தால் வகுத்தால் போதும். 10 மீட்டரில் நிற்கும் கம்பம் 20 மீட்டருக்குப் போனால் பாதி உயரமாகத் தெரியும். ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட தொலைநோக்கு விதி ஒரு வகுத்தலில் அடங்கிவிட்டது.

முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்க வேண்டுமே? ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு சேர்த்து 'இங்கே இதுவரை வரைந்தவற்றில் மிக அருகில் உள்ளது எவ்வளவு தூரம்' என்றும் எழுதி வைப்பார்கள். புதிதாக வருவது அதைவிட அருகில் இருந்தால் மட்டும் மேலே பூசலாம். எட்வின் கேட்மல் 1974-இல் விவரித்த இந்த வழி முரட்டுத்தனமாகத் தெரியும். நினைவகம் மலிவானதும் வேறு எல்லா வழிகளையும் ஓரங்கட்டிவிட்டது.

அதே காலத்தில், 1975-இல், யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டி ஒன்றை வளைகோடுகளாக எழுதினார். வளைவு, கைப்பிடி, தன் மேலேயே விழும் நிழல் எல்லாம் அதில் இருந்ததால், புது முறை கண்டுபிடித்தவர்கள் எல்லாம் அந்தக் கெண்டியையே வரைந்து காட்டினார்கள். கணினிக் கெண்டி அசல் கெண்டியைவிடக் குட்டை. முதல் வடிவத்துக்கு அடிப்பாகமும் கிடையாது. அசல் இப்போது கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்ணாடி, பளபளப்பு, மென்மையான நிழல் இதெல்லாம் வேண்டுமானால் முக்கோணம் பூசுவது போதாது. கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் மோதி எங்கே தெறிக்கிறது என்று பின்தொடர வேண்டும். டர்னர் விட்டட் 1980-இல் இதைத் தெளிவாக எழுதியபோது ஒரு படத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆனது. இன்று 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களை நொடிக்கு 60 முறை நிரப்ப வேண்டும், அதாவது நொடிக்கு 12 கோடிப் பிக்சல். ஒரு பிக்சலின் கணக்கு இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஆயிரக்கணக்கான சின்னக் கணக்கர்களை ஒரே சிப்பில் உட்கார வைத்தார்கள். அதுதான் கிராபிக்ஸ் கார்டு.

செயற்கை நுண்ணறிவு படம் 'வரைகிறது' என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

இன்று அதிகம் புழங்கும் முறை இது. நல்ல படம் ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் பழைய தொலைக்காட்சியில் சிக்னல் போனால் வருமே, அந்தப் புழுதி மாதிரி ஆகிவிடும். கோடிக்கணக்கான படங்களை இப்படிக் கெடுத்துக் காட்டி, 'இதில் எது இரைச்சல், சொல்' என்று 'மாதிரி' (model) எனப்படும் மென்பொருளைப் பழக்குகிறார்கள். பழகியதும் வெறும் இரைச்சலைக் கொடுத்து, 'மழையில் நிற்கும் யானை' என்ற சொற்களை எண்களாக மாற்றிப் பக்கத்தில் வைத்து, 'இதிலுள்ள இரைச்சலை எடு' என்று சில பத்து முறை சொல்கிறார்கள். இல்லாத படத்தின் மேலிருந்து தூசியைத் தட்டுகிறது அது. தட்டத் தட்ட யானை வருகிறது.

பிக்சலில் இதைச் செய்தால் செலவு அதிகம். 2022-இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மாதிரி, எட்டுக்கு எட்டுப் பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சின்னக் கட்டத்தாளில் வேலை செய்தது. 512-க்கு 512 படத்தின் 7,86,432 எண்களுக்குப் பதில் 16,384 எண்கள். 48-இல் ஒரு பங்கு.

அது ஏன் தமிழ் எழுத்துகளைச் சொதப்புகிறது?

'ட'-வுக்கு யூனிகோடு தந்த 2975 மாதிரியான எண்கள் அதன் கையில் இல்லை. எழுத்தையும் புல், மேகம் போல ஒரு தோற்றமாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. பழக்கிய படங்களில் ஆங்கிலப் பலகைகளோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பலகைகள் கொஞ்சம்தான். போதாக்குறைக்கு, எட்டுக்கு எட்டுச் சுருக்கத்தில் 'ணி', 'ளி' போன்றவற்றின் சுழிகள் நசுங்கிவிடும். புது மாதிரிகள் தேறி வருகின்றன. இருந்தாலும் போஸ்டர் வேண்டுமானால் படத்தை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, எழுத்தை நீங்களே எழுத்துருவில் போட்டுவிடுங்கள். நேரம் மிச்சம்.

அச்சகத்தில் '300 டிபிஐ வேண்டும்' என்கிறார்களே?

டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள், போதும். 3000 பிக்சல் அகலமுள்ள படம் அங்குலத்துக்கு 300 வீதம் 10 அங்குலம் வரும். கோப்பில் எழுதியிருக்கும் 72, 300 எல்லாம் வெறும் குறிப்பு. அதை மாற்றினால் மட்டும் ஒரு பிக்சல்கூடக் கூடாது.

மெமரி கார்டிலிருந்து எடுத்த படம் பாதி சரியாகவும் மீதி சாம்பலாகவும் வருகிறது. மீட்க முடியுமா?

சாம்பல் என்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. சாம்பலாக இல்லாமல் ஓரிடத்துக்குப் பிறகு நிறமெல்லாம் மாறிப்போயிருந்தால் நடுவில் சில பைட்டுகள் கெட்டிருக்கின்றன. ஜேபெக் ஒவ்வொரு சதுரத்தின் சராசரியையும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு கூடுதல், குறைவு என்றே எழுதும். ஓரிடத்தில் பிசகினால் பின்னால் வருபவை எல்லாம் பிசகும்.

முதலில் அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். அப்புறம் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். கோப்பின் மீதித் துண்டு கார்டிலேயே வேறிடத்தில் கிடக்க வாய்ப்புண்டு. அதுவும் கிடைக்கவில்லையென்றால் எக்ஸிஃப் பகுதியைத் தோண்டிப் பாருங்கள். கேலரியில் சட்டென்று காட்டுவதற்காகப் பல கேமராக்கள் 160-க்கு 120 அளவில் ஒரு குட்டிப் படத்தைக் கோப்பின் தலைமாட்டிலேயே ஒளித்து வைத்திருக்கும். பெரிய படம் போனாலும் அது பிழைத்திருக்கும். 19,200 பிக்சல்தான். கிர்ஷ் தன் குழந்தையை ஏற்றியபோது அவரிடம் 30,976 இருந்தது, ஆனால் உங்களுடையது வண்ணத்தில் இருக்கும்.